மூன்று வெள்ளிப் படுக்கை, மூன்று வாரக் கூலி

அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு மூன்று வெள்ளி, அதாவது மூன்று ரிங்கிட். வெளிநோயாளியாகப் போய்ச் சீட்டு எடுத்தால் ஒரு வெள்ளி, மருந்தும் அதிலேயே அடக்கம். மலேசியக் குடிமக்களுக்கு இந்த நாடு நெடுங்காலமாகச் செய்துவரும் பெரும் உதவி இது. கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் மருத்துவமனைகளில் காலை நேரத்தில் எண் சீட்டோடு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ரப்பர்த் தோட்டம் மூடப்பட்டு வெறுங்கையோடு பட்டணத்துக்கு வந்த நம் தமிழ்க் குடும்பங்கள் பல இந்த உதவி இல்லாமல் தலைதூக்கியிருக்க முடியாது.

இருந்தும் டைஃபாய்டு (குடற்காய்ச்சல்) போன்ற ஒரு நீண்ட காய்ச்சல் அதே குடும்பங்களைச் சாய்த்துவிடுகிறது. எப்படிச் சாய்க்கிறது என்பது மருத்துவமனை ரசீதைப் பார்த்தால் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். இதை 26 வேலை நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட் சொச்சம். கெடாவின் பாடாங் செராயில் ஒரு குத்தகைக்காரரிடம் நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு டைஃபாய்டு கண்டதாக வைத்துக்கொள்வோம். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து இரண்டு முறை தனியார் கிளினிக்குக்குப் போகிறார். இரண்டுக்கும் சேர்த்து 140 ரிங்கிட் போகட்டும். பிறகு அரசு மருத்துவமனையில் பத்து நாள், 30 ரிங்கிட். வீட்டுக்கு வந்த பிறகும் எழுந்து நடமாடச் சில நாட்கள் வேண்டும். வேலைக்குப் போகாத நாட்கள் 18 என்று குறைத்தே வைத்தாலும் போன கூலி 1,177 ரிங்கிட். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால் அவருடைய பத்து நாள் கூலி 654. வண்டிச் செலவு, வார்டுக்கு வாங்கிப் போன கஞ்சி, வீட்டில் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய சாப்பாடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால்கூட மொத்தம் 2,000 ரிங்கிட்டைத் தொடுகிறது. அதில் மருத்துவமனைக்குக் கட்டியது 30. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு.

மீதி எல்லாம் யார் கணக்கிலும் ஏறாமல் குடும்பத்தின் தலையில் விழுகிறது. பொருளாதார அறிஞர்கள் கையிலிருந்து கொடுப்பதை நேரடிச் செலவு என்றும், இழந்த வருமானத்தை மறைமுகச் செலவு என்றும் பிரிப்பார்கள். நாட்கூலிக் குடும்பத்துக்கு இந்த இரண்டாவதில் மறைவு எதுவும் இல்லை. சனிக்கிழமை சம்பளம் வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை அது அடுப்படியில் தெரிந்துவிடும்.

இழந்த வருமானத்தைக் கணக்கில் எடுக்காத இந்தக் குறை உலக அளவிலான அளவுகோல்களிலும் இருக்கிறது. ஒரு குடும்பம் தன் மொத்தச் செலவில் பத்து விழுக்காட்டுக்கு மேல், அல்லது கடுமையான அளவில் 25 விழுக்காட்டுக்கு மேல், மருத்துவத்துக்குக் கையிலிருந்து கொடுத்தால் அது பேரிடர்ச் செலவு என்று ஐக்கிய நாடுகளின் நிலைத்த வளர்ச்சி இலக்குகள் நெடுநாள் சொல்லிவந்தன. இந்த அளவுகோலின்படி நம் பாடாங் செராய்க் குடும்பத்துக்கு மருத்துவமனையில் எந்தக் கஷ்டமும் வரவில்லை. காசநோய்க்கு மட்டும் உலகச் சுகாதார நிறுவனம் வேறு முறையைக் கையாள்கிறது. அங்கே இழந்த வருமானத்தையும் சேர்த்து, மொத்தச் செலவு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பேரிடர் என்கிறது. காசநோயாளியின் வீட்டுக்குப் பொருந்தும் நியாயம் குடற்காய்ச்சல் வந்த வீட்டுக்கு ஏன் பொருந்தக் கூடாது என்பதற்கு எனக்கு இதுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

இந்தக் காய்ச்சல் ஏன் இவ்வளவு நாளைத் தின்கிறது? சால்மொனெல்லா டைஃபி என்ற கிருமி, நோயாளியின் மலம் கலந்த தண்ணீர் வழியாகவோ உணவு வழியாகவோ வயிற்றுக்குள் போகிறது. ஒன்று முதல் மூன்று வாரம் அடங்கிக் கிடந்துவிட்டுப் பிறகு தலைகாட்டும். காய்ச்சல் ஒரே நாளில் கொளுத்தாது. இன்றைக்கு இவ்வளவு, நாளைக்குக் கொஞ்சம் கூட என்று படிப்படியாக ஏறும். தலைவலி, பசியின்மை, வயிற்றுக் கோளாறு. ஆளை உடனே படுக்கப் போடாத காய்ச்சல் என்பதுதான் இதன் கொடுமை. ரப்பர் பால் வெட்டுகிறவர் இரண்டு பானடாலைப் போட்டுக்கொண்டு விடிவதற்கு முன்பே நெற்றி விளக்கோடு வெட்டுக்காட்டுக்குப் போய்விடுவார், ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று. அப்படித் தள்ளிப்போடும் நாட்களில் நோய் முற்றுகிறது. மருத்துவம் இல்லாமல் மூன்றாவது வாரத்தை எட்டினால் குடலில் ஓட்டை விழலாம், இரத்தம் கசியலாம். எதிருயிரி மருந்துகள் வருவதற்கு முன் பத்தில் ஒருவர், சில இடங்களில் ஐந்தில் ஒருவர்கூட இறந்தார்கள்.

அந்தக் காலத்துத் தோட்டத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1909இல் பாங்காக் ஒப்பந்தத்தின்படி கெடா சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷ் செல்வாக்குக்குள் வந்தது. கோலமூடா, கூலிம் வட்டாரங்களில் ரப்பர் பரவியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்துவிட்டு, லுனாஸ், பீடோங், சுங்கைப்பட்டாணி என்று தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். லயத்து வீடு, கோடியில் ஒரு கிணறு அல்லது ஆற்றுத் தண்ணீர், பின்னால் வாய்க்கால். குடற்காய்ச்சலும் சீதபேதியும் பரவ இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

அப்போது கூலி நாட்கணக்கு. காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பேர் விழுந்தால்தான் சம்பளம். மலாயாவின் நியமக் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்தது, 1930களின் ரப்பர் மந்தத்தில் 40, 32 என்று இறங்கியது. நிலைமையைப் பார்த்துவர இந்திய அரசு அனுப்பிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, 1937இல் வெளிவந்த தம் அறிக்கையில் பழைய கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அந்தக் கூலியில் ஒரு மாதக் காய்ச்சல் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தோட்ட மருத்துவமனையில் படுக்கைக்குக் காசு இல்லை, மருத்துவ உதவியாளரான டிரெசர் கொடுக்கும் மருந்துக்கும் இல்லை. ஆனால் பெரட்டில் பேர் விழவில்லை. கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நிரையில் வெட்டி, ஒருவருக்கொருவர் பால் எடுக்க உதவிக்கொள்ளும் வேலை அது. ஒருவர் படுத்தால் மற்றவரின் வாளியும் குறையும். மளிகைக் கடைக் கணக்கில் கடன் ஏறும். ஊருக்கு மணியார்டர் போகாது. உடம்பு தேறாமல் போனவர்களை, வேலைக்கு உதவாதவர்கள் என்று இந்தியக் குடிநுழைவு நிதியின் செலவில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் வழக்கமும் இருந்தது. மலாயாவில் உண்டான நோயின் பாரத்தைத் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் சுமந்தது.

இந்த நிலைமையில் ஒரு பெரிய மாற்றம் வந்தது, அதுவும் நம் மண்ணிலிருந்தே. 1948இல் ஜோசப் ஸ்மேடல், தியடோர் உட்வர்ட் முதலான அமெரிக்க மருத்துவர்கள் கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்தார்கள். 1900இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அவர்கள் தேடி வந்தது புதர்க்காய்ச்சலுக்கு மருந்து. செடிகொடி மண்டிய இடங்களில் வேலை செய்கிறவர்களை ஒருவகைச் சிறு பூச்சி கடித்து உண்டாக்கும் நோய் அது. கையோடு கொண்டுவந்தது குளோராம்பெனிகால் என்ற புதிய மருந்து. புதர்க்காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு என்று பின்னால் தெரிந்தது. அவர்களும் தேறினார்கள். வாரக்கணக்கில் நீடிக்க வேண்டிய காய்ச்சல் சில நாட்களிலேயே தணிந்தது. பத்து டைஃபாய்டு நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய முதல் அறிக்கை அதே ஆண்டில் வெளிவந்தது. உலகம் முழுவதும் டைஃபாய்டுக்கு முதன்முறையாகச் சரியான மருந்து கிடைத்தது.

மருத்துவ வரலாற்றில் இதை உயிர் காத்த கண்டுபிடிப்பு என்று எழுதுவார்கள், அது சரிதான். உழைப்பாளியின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஒரு மாதம் படுக்கவேண்டியவரை இரண்டு வாரத்தில் எழுப்பிவிட்ட மருந்து, அவருக்கு இரண்டு வாரக் கூலியைத் திருப்பிக் கொடுத்தது. பின்னாளில் இந்த மருந்துக்கும், அடுத்து வந்த மருந்துகளுக்கும் கிருமி பழகிக்கொண்டது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் கிளம்பிய வகைக்கு அசித்ரோமைசினும் மிக விலையுயர்ந்த ஊசி மருந்துகளும்தான் கேட்கின்றன. மருந்து கேட்காமல் போகும் ஒவ்வொரு படியிலும் படுக்கை நாட்கள் கூடுகின்றன.

நோயைக் கண்டுபிடிப்பதற்கே ஒரு செலவு உண்டு. 1896இல் வந்த விடால் பரிசோதனை இன்றும் பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது தவறான விடை தருவது அதிகம். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறை நம்பகமானது. அதற்குச் சில நாட்கள் ஆகும், அதிலும் பத்துப் பேரில் நாலு பேரையாவது தவறவிடும். இந்த இடைவெளியை அடைக்க 1990களில் கிளந்தானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் பேராசிரியர் அஸ்மா இஸ்மாயிலும் உடன் ஆய்வாளர்களும் டைஃபிடாட் என்ற விரைவுப் பரிசோதனையை உருவாக்கினார்கள். கிளந்தானில் அந்த வேலை நடந்ததற்குக் காரணம் இருந்தது. கிணற்று நீரை நம்பிய அந்த மாநிலத்தில் டைஃபாய்டு விடாமல் தங்கியிருந்தது. 2005இல் எழுநூறு பேருக்கு மேல் நோய் கண்டது. பரிசோதனை சீக்கிரம் விடை சொன்னால் குடும்பம் கிளினிக் கிளினிக்காக அலையும் நாட்கள் குறையும். அந்த அலைச்சலில் போகும் காசு சாதாரணமானதல்ல.

இன்றைய மலேசியாவில் டைஃபாய்டு அருகிவிட்டது. ஆண்டுக்குச் சில நூறு பேர், அவ்வளவுதான். அப்படியானால் கெடாவின் கதையை இங்கே ஏன் எழுத வேண்டும்? நோயின் பெயர் மாறினாலும் கணக்கு மாறவில்லை என்பதால்தான். டெங்கி, எலிக்காய்ச்சல், மெலியோய்டோசிஸ் எல்லாமே நாட்கூலியைத் தின்னும் காய்ச்சல்கள். கடைசியாகச் சொன்னதற்குக் கெடாவிலேயே ஓர் ஆதாரம் உண்டு. அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை உறுதிப்படுத்தப்பட்ட 145 மெலியோய்டோசிஸ் நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த கட்டுரை, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 16 பேருக்கு அந்நோய் வருவதையும், மூவரில் ஒருவர் இறப்பதையும் கண்டது. சேற்றிலும் மண்ணிலும் இருக்கும் கிருமி அது. நீரிழிவு உள்ளவர்களையும் உழைக்கும் வயது ஆண்களையுமே அதிகம் தாக்கியது. ஆய்வாளர்கள் அதைச் சமூகப் பொருளாதார நோய் என்றே தலைப்பில் குறித்தார்கள். டைஃபாய்டுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

தண்ணீரை வைத்து யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். தோட்டத்தில் இருந்தவரைக்கும் தொழிலாளிக்கு நல்ல தண்ணீர் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. 1966இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் அதை எழுத்தில் வைத்தன. தோட்டத்துக்குத் தோட்டம் அது எப்படி நடந்தது என்பது வேறு கதை, பல இடங்களில் குழாய் வந்து சேரவே வருடக்கணக்கானது. ஆனாலும் கேட்க ஓர் ஆள் இருந்தார், தொழிற்சங்கத்துக்கு ஒரு கதவு இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டும், குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் வாடகை வீடுகளுக்கு வந்தபோது அந்தக் கடமை யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. அது தண்ணீர் பில்லாக மாறிக் குடும்பத்தின் மேசைக்கு வந்தது.

கெடாவில் சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் ஏறத்தாழ பாதி வழியிலேயே கசிந்தும் கணக்கில் வராமலும் போகிறது. நாட்டிலேயே மோசமான அளவுகளில் ஒன்று இது. குழாய் வறண்டுபோகும் நாட்களில் வீடுகளில் நடப்பதைக் கவனித்தால் நோய்க்கு முந்திய செலவு ஒன்று தெரியும். பீப்பாயிலும் வாளியிலும் பிடித்துவைத்த தண்ணீர். அதைக் கொதிக்கவைக்க எரிவாயு. தானியங்கி இயந்திரத்தில் சில்லறை போட்டுப் பிடித்துவரும் குடிநீர், அதைத் தூக்கிவர ஒரு பிள்ளை. நோய் வராமல் இருக்கவே குடும்பம் நாளும் ஒரு தொகை கட்டிக்கொண்டிருக்கிறது. வசதியுள்ளவர் வீட்டுக் கூரையில் பெரிய தொட்டி இருக்கும், அவருக்கு இந்தச் செலவு இல்லை. ஏழைக்குத் தண்ணீர் விலை அதிகம் என்பது கெடாவில் கண்ணால் காணக்கூடிய உண்மை.

நம்மவர்களில் பலருக்கு இன்னொரு தனிக் கஷ்டமும் உண்டு. தோட்டத்தை விட்டு வந்தவர்களில் எத்தனையோ பெண்கள் அப்பம், தோசை, நாசி லெமாக், பலகாரம் என்று சாலையோரத்தில் கடை போட்டே பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகளின்படி உணவைக் கையாளுவோர் டைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அவசியமான விதிதான். நோய் தீர்ந்த பிறகும் நூற்றுக்குச் சிலரின் பித்தப்பையில் கிருமி தங்கிவிடும், அவர் கையால் சமைத்ததைச் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து. ஆகவே டைஃபாய்டு வந்த சமையல்காரர், அடுத்தடுத்த மலப் பரிசோதனைகளில் கிருமி இல்லை என்று உறுதியாகும்வரை அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. சுத்தமில்லாத கடையை 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் 14 நாள் வரை மூடலாம். இவை எல்லாம் பொதுமக்கள் நலனுக்காக. அந்த நலனுக்கு விலை கொடுப்பவர் கடை மூடிய பெண் ஒருவரே. ஊருக்காக ஒருவரை வீட்டில் உட்காரச் சொன்னால், உட்கார்ந்த நாட்களுக்கு ஊர்தான் கூலி கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே விட்டுவிடுகிறது என்பதையும் பார்க்கலாம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஊழியருக்கு அவர் வேலை செய்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு, மருத்துவமனையில் படுத்தால் 60 நாள் வரை. எம்சி எனப்படும் மருத்துவச் சான்றிதழைக் கொண்டுபோனால் சம்பளம் வரும். ஆனால் குத்தகைக்காரரிடம் வாய்ப்பேச்சில் வேலைக்குப் போகிறவரும், சொந்தக் கடைக்காரரும், வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவும் எம்சியை யாரிடம் கொடுப்பது? சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. அது வேலையிடத்து விபத்துக்கும் நிரந்தர இயலாமைக்கும் நிற்கும், மூன்று வாரக் காய்ச்சலுக்கு நிற்காது. 2017இல் சுயதொழில் செய்வோருக்காக வந்த சட்டமும் வேலை விபத்தோடு நின்றுவிடுகிறது.

2019இல் தொடங்கப்பட்ட மைசலாம் திட்டத்தை இங்கே பாராட்டிச் சொல்ல வேண்டும். குறைந்த வருமானக்காரர் அரசு மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 50 ரிங்கிட், 14 நாள் வரை கொடுக்க அது ஏற்பாடு செய்தது. மருத்துவமனையில் கிடக்கும் ஒரு நாள் என்பது கூலி இல்லாத ஒரு நாள் என்பதை அந்தத் திட்டம் ஒப்புக்கொண்டது. நம் பாடாங் செராய்க்காரருக்கு அதன்படி 500 ரிங்கிட் கிடைத்திருக்கும், அவர் இழப்பில் கால் பங்கு. வீட்டில் தேறும் நாட்களுக்கும், பக்கத்தில் இருந்தவரின் நாட்களுக்கும் அதில் இடம் இருக்கவில்லை.

இடமில்லாத மீதிக்குத்தான் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகிறது. சீட்டுக் கட்டியவர்கள் அதை முன்கூட்டியே எடுக்கிறார்கள். எதுவும் இல்லாதவர் ஆலோங் எனப்படும் கந்துவட்டிக்காரரிடம் போகிறார், அங்கே வாங்கியது காய்ச்சல் தணிந்து வெகுநாள் கழித்தும் தணியாது. மூத்த பெண் பள்ளிக்கு மட்டம் போட்டுத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள். தேர்வு ஆண்டாக இருந்தால் அந்த மூன்று வாரத்தின் விலையை எந்த ஆய்வும் கணக்கிட்டுவிட முடியாது.

மற்ற நாடுகள் இந்தக் கணக்கைப் போடத் தொடங்கி வெகுகாலமாயிற்று. கொல்கத்தா, கராச்சி, வட ஜகார்த்தா, வியட்நாமின் ஹுவே முதலிய இடங்களில் வீடு வீடாகப் போய் டைஃபாய்டு நோயாளிகளின் மருத்துவச் செலவோடு இழந்த வருமானத்தையும் எழுதிக்கொண்டார்கள். இந்தியாவில் 2017 முதல் 2020 வரை நடந்த கண்காணிப்பில் வேலூர் உட்பட நான்கு இடங்களில் ஏறத்தாழ 24,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். நகர்ப்புறங்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் 576 முதல் 1,173 பேர் வரை டைஃபாய்டு உறுதியானது, புனே அருகே கிராமப்புறத்தில் 35 மட்டுமே. பட்டணத்து நெரிசலில் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதன் விளைவு அது. தடுப்பூசி வேண்டுமா என்று அரசுகள் தயங்கும்போது இத்தகைய எண்களே விடை சொல்கின்றன. உயிர் போனவர்களை மட்டும் எண்ணியிருந்தால் தடுப்பூசியின் பலன் சிறிதாகத் தெரிந்திருக்கும்.

கெடாவின் தோட்டங்களில் இன்று பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தினரும் வேலை செய்கிறார்கள். நம் பாட்டனார்கள் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். 2017 முதல் வெளிநாட்டவர் அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பில் மருத்துவத்துக்குச் சேர 1,400 ரிங்கிட் முன்பணம் கட்ட வேண்டும். ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். இதைக் கட்ட முடியாமல் தள்ளிப்போடுகிறவர் தமக்கு மட்டும் கேடு தேடிக்கொள்வதில்லை. பொதுக் கழிவறையும் பொதுத் தண்ணீரும் உள்ள குடியிருப்பில் அவர் தங்குகிறார். அடுத்து ஓர் உணவுக்கடையின் சமையலறைக்கு வேலை மாறியும் போகலாம். கிருமி கடவுச்சீட்டைக் கேட்பதில்லை.

1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி டைஃபாய்டைக் கண்டறியும் மருத்துவர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். பிறகு ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். எங்கே சாப்பிட்டீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டுப் படிவத்தை நிரப்புவார். அந்தப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: வீட்டில் மொத்தம் எத்தனை நாள் கூலி போயிற்று, அதற்காக எவ்வளவு கடன் வாங்கினீர்கள். இதற்குத் தனி ஆய்வுக்குழுவும் நிதி ஒதுக்கீடும் தேவையில்லை, வீட்டுக்கு வரும் ஆள் ஏற்கெனவே வருகிறார். ஓராண்டுக்கு டெங்கியையும் எலிக்காய்ச்சலையும் சேர்த்துக் கேட்டால்கூடப் போதும். நாளுக்கு 50 ரிங்கிட் போதுமா, எத்தனை நாளைக்குக் கொடுப்பது, கடை மூடிய பெண்ணுக்கு என்ன கொடுப்பது, குழாயைச் சரிசெய்வது லாபமா நட்டமா என்ற கேள்விகளுக்கெல்லாம் கெடா தன் சொந்த எண்களை வைத்துக்கொண்டு பதில் சொல்லலாம்.